அன்புள்ள வாந்தி மூன்று தடவை அவர்களுக்கு

கடலில் காற்று அடங்காத மூன்று மாதமும் கேப்டன் வீட்டிலேயே இருந்தார். இருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். கண்ணில் பட்டதையெல்லாம் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அரிசி டப்பா மூடி, பால்கனிக் கதவு, துணி காயப்போடும் கம்பி, பழைய செய்தித்தாள் கட்டு, எல்லாவற்றிலும் ஒரு முடிச்சு. அத்தனையும் படகு முடிச்சு. இழுத்தால் இறுகும், இறுகினால் அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. உலை கொதித்துக்கொண்டிருக்க, அவர் மனைவி கையில் ஆழாக்கோடு குளியலறை வாசலில் காத்து நிற்பாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவள் அவரை "கொஞ்சம் இங்க வாங்க" என்று இத்தனை தடவை கூப்பிட்டதே கிடையாது.

அவளைப் படகுத்துறையில் எல்லோரும் பல்லுக்காரம்மா என்பார்கள். அவள் பல்லில் ஒரு குறையும் இல்லை. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை, அதனால் வந்த பெயர். பகலில் அங்கே. மாலையில் கணவருடைய படகுக்கு ஆள் சேர்க்கும் வேலை. படகு சின்னது, ஒரு நடைக்கு ஆறு பேர். விடிந்ததும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு தூண்டிலைக் கையில் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்குக் கரையில் கொண்டுவந்து விட்டுவிடுவார் கேப்டன். பிடித்த மீன் பிடித்தவருக்கு. பிடிக்காதவருக்கு வெயில்.

படகு ஓட்டுவதில் அவரை மிஞ்ச அந்தத் துறையில் ஆள் கிடையாது. ஆள் பிடிப்பதில் அவரைவிட மோசமானவரும் கிடையாது. யாராவது போன் செய்து, "நிறைய மீன் கிடைக்குமா?" என்று கேட்டால், "தெரியாது" என்பார். "கடல் அமைதியா இருக்குமா?" என்றால் அதற்கும் "தெரியாது". "குழந்தைங்களுக்குப் பிடிக்குமா?" என்று ஒரு தாய் ஆசையாகக் கேட்டதற்கு, "குழந்தைங்களைக் கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் பல்லுக்காரம்மா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கியது. அப்படியும் போன சீசனில் பாதி ஞாயிற்றுக்கிழமை படகு இரண்டு பேரோடும் மூன்று பேரோடும்தான் போய் வந்தது.

காரணம், துறையின் மறுமுனையில் வந்து நின்ற பெரிய கம்பெனி. இரண்டு மாடிப் படகு, மேல் மாடியிலிருந்து கடலுக்குள் சறுக்குமரம், காது கிழியப் பாட்டு. அந்தக் கம்பெனி மேனேஜர்தான் காற்றுக்காலத்தின் கடைசியில் ஒரு நாள் பல்லுக்காரம்மாவுக்குப் போன் செய்தார். அவர்களுடைய கேப்டன் வேலையை விட்டுவிட்டாராம். உங்கள் வீட்டுக்காரர் வருவாரா, மாசச் சம்பளம், மழையானாலும் காற்றானாலும் நிற்காது என்றார்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆரஞ்சு நிறச் சட்டை, தோளில் தங்க ஜரிகை, தலையில் நீலப் பஞ்சு மீன் ஒன்று உட்கார்ந்திருக்கும் தொப்பி. இதைப் போட்டுக்கொண்டு சுக்கானைப் பிடித்தபடி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மைக்கில் "நண்பர்களே, எல்லாரும் ரெடியா?" என்று கேட்க வேண்டும். கூட்டம் "ரெடி" என்று கத்தும். சத்தம் போதவில்லை என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். பல்லுக்காரம்மா யோசித்துப் பார்த்தாள். தன் கணவர் யாரிடமாவது ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டு அவள் பார்த்ததில்லை. முதல் தடவை கேட்டதே அபூர்வம்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மேனேஜர், "உங்க படகுக்குத்தான் ஆளே வர்றதில்லையேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. வீறாப்பு தலைக்கேறிவிட்டது.

"இந்த சீசன்ல முதல் நாலு ஞாயித்துக்கிழமையும் எங்க படகு நிறைஞ்சு போகும். ஒரு சீட் குறைஞ்சாலும் அவர் உங்ககிட்ட வருவார், போதுமா? வீட்டாளுங்களைக்கூட அதுல சேர்க்க மாட்டோம்."

"எப்பக் கேட்கட்டும்?"

"சீசன் தொடங்கறதுக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

போனை வைத்த பிறகுதான் தன் நாக்கு என்ன செய்து வைத்திருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. நான்கு ஞாயிறு, இருபத்துநாலு சீட். ஒருவர்கூட இன்னும் பதியவில்லை. அடுப்படியில் நின்றிருந்த கேப்டன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேங்க."

"சரி" என்றார். போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு முடிச்சுப் போட்டார்.

அந்த முடிச்சைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். சொன்ன சொல்லை மாற்ற அவருக்குத் தெரியாது. அவள் சொன்னதும் அவர் சொன்னதுதான். பஞ்சு மீன் தொப்பியோடு அவர் மைக்கின் முன்னால் நிற்பது கண்ணில் வந்து வந்து போனது. அந்த மனுஷன் கேட்பார், கூட்டம் கத்தும், அவர் கடலைப் பார்ப்பார். அதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் கிளினிக்கில், ஆறு மாதத்துக்கு முன் பல் சுத்தம் செய்தவர்களுக்கு வழக்கமான நினைவூட்டல் மெயிலை அனுப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. 'அன்புள்ள இன்னார் அவர்களுக்கு, நீங்கள் எங்களிடம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது' என்று தொடங்கும் மெயில் அது. ஒன்பது வருஷமாக அனுப்புகிறாள். நூறு பேருக்குப் போனால் எழுபது பேர் திறக்காமலே அழிப்பார்கள், இருபது பேர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைப்பார்கள், பத்துப் பேர் வந்து வாயைத் திறப்பார்கள். கேப்டனின் நோட்டில் முந்நூறு மெயில் முகவரியாவது இருக்கும். அப்படியானால் முப்பது பேர். அவள் மனக்கணக்கில் இருபத்துநாலு சீட்டும் நிறைந்து, மிச்சம் ஆறு பேர் கரையில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மாவிடம் கேட்டாள். "மத்தியானம் பேஷன்ட் இல்லாத நேரத்துல கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணிக்கோ. டிரில் மெஷினை மட்டும் தொடாத" என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படகில் யார் ஏறினாலும் முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது துறையின் விதி. நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் எத்தனை பேரைத் தேடுவது, யாருக்குத் தகவல் சொல்வது என்பதற்காக. பெயரையும் மெயில் முகவரியையும் வந்தவர்களே தங்கள் கையால் எழுதுவார்கள். அவற்றுக்கு முன்னால் இருக்கும் முதல் கட்டம் மட்டும் கேப்டனுடையது. கரைக்குத் திரும்பி, படகைக் கழுவிவிட்டு, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, வந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் அங்கே ஒரு வரி எழுதுவார். அவருக்குப் பெயர் மனதில் நிற்காது. ஆள் என்ன செய்தார் என்பது நிற்கும். அதே ஆள் அடுத்த வருஷம் வந்தால் அந்த வரியைப் பார்த்துவிட்டு, வயிறு புரட்டுகிறவருக்கு ஆட்டம் குறைவான நடு இருக்கையைக் கொடுப்பார், வாய் ஓயாதவரைக் கடைசியில் உட்காரவைப்பார்.

மூன்று நாள் மதிய இடைவேளையில், ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் விசைப்பலகையுமாக, பல்லுக்காரம்மா முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றினாள். நோட்டு என்றைக்காவது தண்ணீரில் விழுந்தாலும் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று முதல் கட்டத்தையும் விடவில்லை. நோட்டில் இருந்த வரிசையிலேயே அடித்தாள். முதலில் கேப்டனின் வரி, பிறகு பெயர், பிறகு முகவரி. ஐம்பது பேர் வரைக்கும் படித்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு விரல் அடித்தது, கண் பார்த்தது, மூளை தூங்கிவிட்டது.

கிளினிக் கம்ப்யூட்டருக்குக் கேப்டனைத் தெரியாது. முதல் கட்டத்தில் எது இருக்கிறதோ அதுதான் நோயாளியின் பெயர், அதை 'அன்புள்ள'வுக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று அதற்கு ஒன்பது வருஷப் பழக்கம். பல்லுக்காரம்மா கவனக்குறைவானவள் இல்லை. அனுப்புவதற்கு முன் தனக்கே ஒன்று அனுப்பிச் சோதித்துப் பார்த்தாள். ஆனால் தன்னை ஏற்றும்போது கிளினிக் வழக்கப்படி முதல் கட்டத்தில் தன் பெயரைத்தான் போட்டிருந்தாள். மெயில் அழகாக வந்தது. திருப்தியாக இருந்தது.

"நீங்கள் எங்களிடம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. கடலும் உங்களை மறக்கவில்லை, நாங்களும் உங்களை மறக்கவில்லை. இந்த சீசனின் முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. வலி ஏதும் இருந்தால் உடனே தெரிவிக்கவும்."

கடைசி வரி கிளினிக் மெயிலிலிருந்து அழிக்க மறந்து தங்கிவிட்டது. அது ஒன்றுதான் தப்பு என்றிருந்தால் அவள் கொடுத்துவைத்தவள்.

திங்கட்கிழமை ஒன்று பத்துக்கு அனுப்பினாள். ஒன்று பதினேழுக்கு முதல் பதில் வந்தது. "பதில் வந்திருச்சு டாக்டரம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே திறந்தாள். 'வலி இருக்கிறது, மனதில்' என்று எழுதியிருந்தது. கீழே அவள் அனுப்பிய மெயில். அதன் தலையில், 'அன்புள்ள வாந்தி மூன்று தடவை அவர்களுக்கு.'

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அனுப்பிய பட்டியலைத் திறந்தாள். கேப்டனின் கையெழுத்தில் பன்னிரண்டு வருஷமாக யாரும் பார்க்காமல் இருந்தவையெல்லாம் மரியாதையாக வரிசை கட்டி நின்றன. அன்புள்ள தொப்பி கடலில், கூடவே தலைமுடியும் அவர்களுக்கு. அன்புள்ள மாமியாரோடு வந்தவர், மாமியார்தான் மீன் பிடித்தார் அவர்களுக்கு. அன்புள்ள மீன் பிடிக்கவில்லை, மீனுக்குப் புத்தி சொன்னார் அவர்களுக்கு. அன்புள்ள தப்பிய மீன் இவர் வாயில் ஒரு மணி நேரத்தில் இரண்டு அடி வளர்ந்தது அவர்களுக்கு.

அன்புள்ள இவரோடு இன்னொரு தடவை வேண்டாம் அவர்களுக்கு. இவருக்கும் ஓர் இடம் காத்திருப்பதாகத்தான் மெயில் சொல்லிக்கொண்டிருந்தது.

பதற்றத்தில் எதையும் செய்யாமல் இருந்திருந்தால் நல்லது. அவளோ உடனே எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் தட்டி, அதே பட்டியலுக்கே அனுப்பிவிட்டாள். 'அன்புள்ள வாந்தி மூன்று தடவை அவர்களுக்கு, உங்களை அப்படி அழைத்ததற்கு வருந்துகிறோம்' என்று அது போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பேஷன்ட் யாரும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் சத்தம் வந்தது.

நாலு மணிக்குப் படகுத்துறைக்கு ஓடினாள். கேப்டன் படகை வெளியில் ஏற்றி வைத்து அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டு அவருடைய ரகசியம், அதை ஊருக்கே படித்துக் காட்டிவிட்டோம் என்று அவளுக்கு உறுத்தியது. சீசனையும் கெடுத்தாயிற்று, இனி ஒருத்தரும் வரமாட்டார்கள், இவரை அந்தத் தொப்பிக்குள் தள்ளியதே நான்தான் என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

கேப்டன் கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனை வாங்கிப் படித்தார். நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மூணு தடவைதான். சரியாத்தான் அடிச்சிருக்க" என்றார்.

"அடிச்சது சரிங்க. அது அவருக்கே போயிடுச்சே."

"பொய் ஏதாவது போச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன" என்று பிரஷ்ஷை எடுத்தார். அந்தப் பிரஷ்ஷாலேயே அவர் மண்டையில் ஒன்று போடலாம் போல அவளுக்கு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை நின்றது.

"இவரோட வேண்டாம்னு ஒருத்தரை எழுதியிருந்தேனே. அவருக்குமா போச்சு?"

"அவருக்கும்தான்."

"வர்றேன்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டார். அவருக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

கோபப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. நாற்பத்தொரு பேர் இனிமேல் எந்த மெயிலும் அனுப்பக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். ஒரு வக்கீல் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். அவர் 'படகில் வந்தும் வழக்குப் போட்டார், மீன் மேல்'. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து போன் வேறு மாதிரி அடிக்க ஆரம்பித்தது. தங்களைப் பற்றி ஒருவர் அப்படி எழுதி வைத்திருக்கும்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க யாராலும் முடியவில்லை.

வாந்தி மூன்று தடவைதான் முதலில் பதிந்தார். இந்தத் தடவை ஒன்றுகூட இருக்காது, கேப்டன் அதைத் தன் கண் முன்னாலேயே நோட்டில் எழுத வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. தப்பிய மீன்காரர் சாட்சிக்கு இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஆக மூன்று சீட். மாப்பிள்ளைக்கு வந்த மெயிலை மாமியார் படித்துவிட்டு, தனக்கும் தன் தங்கைக்கும் இடம் கேட்டார். "மாப்பிள்ளை வரலையாம்மா?" என்று பல்லுக்காரம்மா கேட்டதற்கு, "அவரு எதுக்கு? போன தடவையும் சும்மாதானே உட்கார்ந்திருந்தாரு" என்றார். தலைமுடி போனவர் ஒரு போட்டோ அனுப்பினார். வழுக்கைத் தலை, வாயெல்லாம் சிரிப்பு. அந்த விஷயம் கேப்டனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நான்கு வருஷமாக நிம்மதியாக இருந்தேன், இப்போது மெயிலை என் மகள் பார்த்துவிட்டாள், இனி மறைக்க ஒன்றுமில்லை, காற்றாட வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை ஒரு பெண் பேசினார். "அந்த 'இவரோட வேண்டாம்' இருக்காரே, அவரோட வீட்டுக்காரி நான். எழுதினவர் கையில ஒரு தங்க மோதிரம் போடலாம்னு இருக்கு. பதினெட்டு வருஷமா நான் சொல்றேன், ஒருத்தரும் நம்பல" என்றார். பிறகு, "எனக்கும் அவருக்கும் ரெண்டு சீட் போடுங்க. வாயைத் திறக்காம உட்காருவார், நான் பொறுப்பு" என்றார். கேப்டனிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆனாலும் இரண்டு சீட் இரண்டு சீட்தானே என்று பல்லுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு பதிந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் முதல் மூன்று ஞாயிறும் நிறைந்துவிட்டன. நான்காவது ஞாயிறுக்கு ஐந்து பேர். ஒரு சீட் காலி.

படகுத்துறையில் கேப்டனுக்கு ஓர் அறை உண்டு. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் தூண்டில்கள், மூலையில் உயிர்காப்புச் சட்டைகளின் குவியல். பல்லுக்காரம்மா மேஜையில் போனை வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணியிலிருந்து அது அடிக்கவே இல்லை. பதிகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தவர்கள், பாதி மனதாக இருந்தவர்கள் எல்லோரையும் அவளே கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். வக்கீலைக்கூடக் கூப்பிட்டாள். நான்கரைக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"டாக்டரம்மா பேரை எழுதிடறேங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வருவாங்களா?"

"வராட்டி என்ன? அன்னைக்கு ஒரு சீட் காலியாப் போகட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

கேப்டன் நோட்டை அவள் பக்கத்திலிருந்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு தடவை ஒரு படகு கவுந்துது. நோட்டுல ஏழு பேர். ஆறு பேரைத் தூக்கிட்டோம். ஏழாவது ஆளை மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தேடினோம், நாலு படகு. அந்தாள் ஏறவே இல்ல. வீட்ல தூங்கிட்டிருந்தார்." இவ்வளவு பேசியதில் அவருக்கே களைப்பாக இருந்தது. "வராத ஆளை இதுல எழுத மாட்டேன்" என்று முடித்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னாலதாங்க எல்லாம்" என்றாள். அவர் மேஜைக்கு அடியில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பெயின்ட் வாசனை அடித்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் வந்தார். கையில் ஒரு காகிதப் பை. அதிலிருந்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார், அதன் மேல் தொப்பியை வைத்தார். பஞ்சு மீன் கேப்டனைப் பார்த்தது. மேனேஜருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. கேப்டன் இல்லாததால் மூன்று வாரமாக சீசன் ஒத்திகைக்கு மைக்கைப் பிடித்துக் கத்துவது அவர்தானாம்.

"நிறைஞ்சுதாம்மா?" என்று கரகரத்தார்.

"ஒரு சீட் குறையுது" என்று கேப்டனே சொல்லிவிட்டார். பல்லுக்காரம்மா இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சொல்லியாகிவிட்டது.

மேனேஜர் சந்தோஷப்படுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடித்து, மறுபடியும் பிரித்தார்.

"எனக்கும் உங்க மெயில் வந்துதும்மா."

"உங்களுக்கா? நீங்க எப்ப சார் எங்க படகுல வந்தீங்க?"

"பதினோரு வருஷம் முன்னாடி. அப்ப நான் டைல்ஸ் கடையில வேலை பார்த்திட்டிருந்தேன்." போனை எடுத்து மேஜையில் வைத்தார். "எங்க ஆபீஸ்ல டிக்கெட் கொடுக்கற பொண்ணு இருக்கே, அவளுக்கு 'இரையைத் தொட மாட்டேன் என்றவள், கடைசியில் எல்லோருக்கும் இரை கோத்தாள்'னு வந்திருக்கு. அதைப் பிரின்ட் எடுத்து மேஜை மேல ஒட்டியிருக்கா. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டறா. எனக்கு வந்ததைப் பாருங்க."

பல்லுக்காரம்மா குனிந்து பார்த்தாள். 'அன்புள்ள அவர்களுக்கு' என்று இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. கீழே, 'நாங்களும் உங்களை மறக்கவில்லை' என்று இருந்தது.

"ரெண்டாவது தடவையும் பார்த்தேன், மன்னிப்புக் கேட்டு வந்துதே, அதுலயும் ஒண்ணுமில்ல" என்றார் மேனேஜர்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் காட்டாமல் இருக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேப்டன் அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். பெயர் இருந்தது, முகவரி இருந்தது. முதல் கட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கேப்டன் நிமிர்ந்து மேனேஜரின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஞாபகம் வரல" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல, அதான். பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அஞ்சு மணி நேரம். ஒரு மீன்கூட மாட்டல. யார்கிட்டயும் பேசல. கடலையே பார்த்துட்டிருந்தேன். இனிமே அந்தக் கடையில போய் நிக்க முடியாதுன்னு தோணுச்சு. இறங்கினதும் போய் வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அன்னைலேர்ந்து படகு வேலைதான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் வாழ்க்கையிலயே பெரிய நாள் சார் அது. உங்க நோட்டுல ஒரு வார்த்தைகூட இல்ல."

கேப்டனுக்கு வருத்தமாகிவிட்டது. அவர் வருத்தப்பட்டால் காது மடல் சிவக்கும் என்பது பல்லுக்காரம்மாவுக்குத் தெரியும்.

"பேசாம உட்கார்ந்து கடலைப் பார்க்கறது எனக்கு ஒரு விஷயமாவே தெரியாது சார். நானும் அதைத்தானே பண்றேன். எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

மேனேஜர் தலையாட்டினார். பல்லுக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு மூன்று நிமிஷம்.

"அந்தக் காலி சீட்டு எந்த ஞாயிறு?" என்று மேனேஜர் கேட்டார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நாலாவது சார்."

"எனக்குப் போடுங்க."

"சார், அப்படிப் போட்டா..." என்று அவள் தயங்கினாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் ஆசை. ஆனால் பக்கத்தில் இருந்த மனுஷனோடு பதினாறு வருஷம் குடித்தனம் செய்தாயிற்று. "போட்டா படகு நிறைஞ்சுடும். இவர் உங்ககிட்ட வரமாட்டார்" என்று சொல்லிவிட்டாள்.

"தெரியும்மா. வேற ஆளைத் தேடிக்கறேன்." சட்டையையும் தொப்பியையும் பைக்குள் திணித்தார். பஞ்சு மீன் உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. அதன் தலையில் தட்டி அனுப்பினார். "அதுவரைக்கும் நானே கத்தறேன்."

கேப்டன் புது நோட்டைத் திறந்து நான்காவது ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தில் ஆறாவது வரியைக் காட்டினார். மேனேஜர் தன் பெயரை எழுதினார். முகவரியை எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி. எழுதி முடித்தும் பேனாவைக் கொடுக்கவில்லை. முன்னால் காலியாக இருந்த முதல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே ஏதாவது ஒண்ணு எழுதிடுங்களேன் சார். நல்லதா இல்லாட்டியும் பரவால்ல."

கேப்டன் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"போயிட்டு வந்து எழுதறேன். முன்னாடியே எழுதினா அது விளம்பரம்" என்றார்.